பின்சீட்டு மீட்டர்

வாங்க தம்பி, வாங்க. செருப்போடவே வரலாமுங்க, கார் நிக்கற எடந்தானே. நேத்து போன்ல பேசுனது நீங்கதானுங்க? சரவணம்பட்டில கம்ப்யூட்டர் கம்பெனில வேலைன்னு சொன்னீங்களே. ஆமா, ஆமா. வண்டி அந்தா நிக்குது பாருங்க. கிட்டப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப் போடறேன். ஹேண்டில் பாருக்கு மேல வட்ட வட்டமா மீட்டர் கண்ணாடி தெரியுதுங்களே, அதுல எதையும் வெரல்ல தட்டிப் பாக்கப்படாது. போன வாரம் ஒருத்தர் வந்தாரு. வந்ததும் வராததுமா டொக்கு டொக்குன்னு தட்டறாரு. வண்டி குடுக்கறதுக்கில்லைங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஆஸ்பத்திரில சீரியஸாக் கெடக்கறவனுக்கு ஒயர் மாட்டி வெச்சாப்புல இருக்குதுங்களா? அவரும் இதையேதான் சொன்னாரு. பரவால்லீங்க. பழகாதவங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

உக்காருங்க. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. வசந்தாமணி! தம்பிக்கு ஒரு காப்பி கொண்டா!

அவதான் என்ற ஊட்டுக்காரிங்க, சம்சாரம். இப்ப நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை. பேசிக்கறதில்லைன்னா, அவ பேசறா. நான்தான் பதில் சொல்றதில்லை. இப்பக் கூப்புட்டது காப்பிக்கு. அது பேச்சுல சேராதுங்க.

வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க தம்பி. தூரந்தொலைவு போறதுக்குன்னே செஞ்ச வண்டி. இப்படியே ஏறி உக்காந்து காஷ்மீருக்கு விடுன்னாலும் போகும். அப்புறம் எதுக்கு விக்கறேன்னு கேப்பீங்க. நம்பிக்கை போயிருச்சுங்க. வண்டி மேல இல்லை. பின்னாடி உக்காந்து வந்த ஆளு மேல. எல்லாத்தையும் சொல்லிப் போட்டுத்தான் சாவியைக் குடுப்பேன். மறைச்சு விக்கற பழக்கம் எனக்கில்லை.

நான் கணபதில பம்ப்செட் கம்பெனில டெஸ்டிங் பாக்கறவனுங்க. சென்னியப்பன்னு கேட்டா அந்தப் பக்கம் யாரும் சொல்லுவாங்க. செஞ்சு முடிச்ச பம்பு நேரா என்ற பெஞ்சுக்குத்தான் வரும். லைன் குடுத்து, ஓட விட்டு, பிரஷர் எத்தனை, தண்ணி எத்தனை, கரண்டு எத்தனை ஆம்ஸ் இழுக்குதுன்னு பாத்து நான் சரின்னு சொன்னாத்தான் பெயிண்ட் அடிக்கவே போகும். ஃபிட்டர் வந்து சொல்லுவான், "அண்ணா, சூப்பரா ஓடுதுங்ணா, சத்தமே இல்லைங்ணா." சூப்பர்னா எத்தனை ஆம்ஸ்டா? அவ்வளவுதான் நான் கேப்பேன். காதுக்கு நல்லாருக்குது, கைக்கு நல்லாருக்குது, அதெல்லாம் எங்கிட்ட ஆகாது. மீட்டர் முள்ளு சொல்லோணும். ஒருக்கா எங்க முதலாளியே வந்து, "சென்னியப்பா, அவசர ஆர்டரு, சும்மா பாத்துட்டு அனுப்பிச்சுரு"ன்னாரு. முள்ளு சொல்லட்டுமுங்க, அனுப்பறேன்னேன். மொகத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. போகட்டுமே.

ஊட்டுலயும் அப்படித்தான். காய்ச்சலுங்கறயா, தர்மாமீட்டரை எடு. சக்கரைங்கறயா, ஊசியில குத்திப் பாரு. பசிக்குதுங்கறயா... அதுக்கு மீட்டர் இல்லைங்க. இருந்தா வாங்கியிருப்பேன்.

பொண்ணைப் பெங்களூர்ல கட்டிக் குடுத்தாச்சு. ஊட்டுல நாங்க ரெண்டு பேருதான். கண்ணாலமானதுல இருந்து நானும் அவளும் வெளியூரு போனதுன்னா பழனி, அதை உட்டா சொந்தக்காரங்க, ஒறம்பரை ஊட்டு விசேசம். ஒருநாள் போனைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டறா. அவ பெரியப்பா மக சூரியகாந்திக் காட்டுக்குள்ள நின்னு எடுத்த போட்டோ. திம்பம் மலை ஏறி கர்நாடகாவுக்குள்ள போனா குண்டல்பேட்டைப் பக்கம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பூத்துக் கெடக்குமாம். ஆடி மாசத்தைத் தாண்டுனா இருக்காதாம். "இதுக்குள்ள ஒருக்கா நிக்கோணுங்க"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. நகை கேக்கலை, சேலை கேக்கலை. எனக்கு மனசு என்னமோ ஆயிப் போச்சு. "பஸ்ஸுல போயிட்டு வரலாமே"ன்னுதான் அவ சொன்னா. பஸ்ஸுல டிரைவருக்கு முன்னாடி இருக்கற மீட்டரை என்னைக்காவது பாத்திருக்கறீங்களா தம்பி? ஒரு முள்ளும் அசையாது. அத்தனை பேரை ஏத்திட்டு அவரு பாட்டுக்குக் குத்துமதிப்பா ஓட்டிட்டுப் போறாரு. அதுல நான் ஏற மாட்டேன்னுதான் இந்த வண்டியை எடுத்தேன்.

வண்டி வந்த அன்னைக்கே எனக்கு நிம்மதி போயிருச்சு. ஸ்பீடு காட்ட ஒரு முள்ளு, பெட்ரோல் காட்ட ஒரு முள்ளு. முடிஞ்சுது. வித்த ஆளுகிட்டக் கேட்டேன், ஏனுங்க, ஆயில் எத்தனை சூடு இருக்குதுன்னு எப்படிங்க தெரியறது? "சூடாத்தான் சார் இருக்கும்"ங்கறாரு.

சூடாத்தான் இருக்குமாம். இது ஒரு பதிலுங்களா?

உக்கடத்துல நிஜாமுதீன் பாய்னு லாரிக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்யறவரு இருக்காரு. நேரா அவருகிட்டப் போயிட்டேன். "டூவீலருக்கு எதுக்குங்ணா இதெல்லாம்?"னாரு. மாட்டுங்க பாய்ன்னேன். ஆயில் சூட்டு மீட்டரை மாட்டிட்டு ஒரு ரவுண்டு போனேன் பாருங்க. முள்ளு மெதுவா எந்திரிக்குது. அறுபது, எழுபது, எண்பது... பெத்த கொழந்தை மொதமொத எந்திரிச்சு நிக்கறாப்புல. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. லாலி ரோட்டுல ஒரு டவுன் பஸ்ஸோட முதுகுல மோதப் போயிட்டேன். அதென்னமோ எனக்கு முன்னாடி பஸ் இருந்ததே அன்னைக்குத் தெரியலை.

ஆயில் சூடு தெரிஞ்சா ஆயில் பிரஷர் தெரிய வேண்டாமுங்களா? அது ரெண்டாவது மீட்டர். அப்புறம் பேட்டரிக்கு வோல்ட்டு. வோல்ட்டு பாக்கறவன் ஆம்ஸ் பாக்காம இருக்க முடியுமுங்களா, நான் அதுலயே பொழங்குனவன். அப்புறம் ஆர்.பி.எம். அப்புறம் வெளிக்காத்து எத்தனை சூடுன்னு ஒண்ணு. அப்புறம் கடல் மட்டத்துல இருந்து எத்தனை உயரத்துல இருக்கறோம்னு காட்டற மீட்டர். அது எதுக்குன்னு பாயும் கேட்டாரு. திம்பம் ஏறப் போறமே பாய், மலை எத்தனை உயரம்னு தெரியாம ஏறுனா நல்லாவா இருக்கும்? இப்ப நீங்க உக்காந்திருக்கற எடம் நானூத்திச் சொச்சம் மீட்டர் உயரமுங்க. தெரியுமுங்களா உங்களுக்கு? பாருங்க, தெரியலை. இத்தனை வருசமா என்ன உயரத்துல இருக்கறோம்னே தெரியாம இருந்திருக்கறீங்க.

எடந்தான் பத்தலை. ஹெட்லைட் பாதி மறைஞ்சுச்சு. பகல்லதானே போகப் போறோம்னு உட்டுட்டேன். சைடு கண்ணாடி ரெண்டையும் கழட்டுனேன். பின்னாடி வர்றவன் என்னைப் பாத்துக்கட்டும், எனக்கு முன்னாடியே வேலை சரியா இருக்குது.

இதுல போன வருச ஆடி போயிருச்சுங்க. பிரஷர் மீட்டருக்கு ஒரு காப்பர் வாசர் கெடைக்கலை. கோயமுத்தூர் முச்சூடும் தேடி வாங்கி மாட்டறதுக்குள்ள அங்க பூவெல்லாம் காஞ்சு எண்ணெய்க்குப் போயிருச்சாம். வசந்தாமணி ஒரு வார்த்தை சொல்லோணுமே. தங்கமான கொணம். அந்த மாசம் பூராவும் கொள்ளுப் பருப்பு மட்டும்தான் வெச்சா. காலையில கொள்ளு, மத்தியானம் கொள்ளு, பொழுதோட கொள்ளு. ஒடம்புக்கு நல்லதுன்னு நானும் சாப்பிட்டுட்டேன்.

இந்த வருசம் கடைசியா ஒரே ஒரு மீட்டர் பாக்கி. இஞ்சினோட தலைச் சூடு. ஸ்பார்க் பிளக்குக்கு அடியில ஒரு செம்பு வளையத்தை வெச்சு, அதுல இருந்து ஒயர் இழுத்து மீட்டருக்குக் குடுக்கோணும். எல்லாத்துலயும் முக்கியமான மீட்டர் அதுதானுங்க. ஆனா மாட்ட எடமே இல்லை. பாய் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இனி உங்க நெத்திலதான் மாட்டோணும்ங்ணா"ன்னாரு. நான் ரோசனை பண்ணுனேன். என்ற சீட்டுக்கும் அவ சீட்டுக்கும் நடுவுல ஒரு கம்பியை வெல்டு வெச்சு மாட்டுங்கன்னேன். ஆமாங்க, அதோ, பின்னாடி பாத்தாப்புல இருக்குதே, அதேதான். நான் ஓட்டறப்ப எனக்குத் தெரியாது. அவளுக்கு நல்லாத் தெரியும். சும்மாதானே உக்காந்து வர்றா.

அன்னைக்கு ராத்திரியே ஊட்டுல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். இங்க பாரு அம்மிணி, நூத்தி அம்பதுன்னா சொகமா இருக்குதுன்னு அர்த்தம். இருநூறைத் தாண்டுனா ஆபத்து. தாண்டுனதும் சத்தம் போடு, வண்டியை நிறுத்தி ஆற உட்டுட்டுத்தான் எடுக்கோணும். நான் எத்தனைன்னு கேக்கறப்பெல்லாம் பாத்துச் சொல்லோணும். சரின்னா.

மொத நாள் அவளுக்கு ஒண்ணும் பிடிபடலை. எத்தனைன்னு கேட்டா, "முள்ளு கீழயே படுத்திருக்குதுங்க"ன்னா. நல்லாப் பாருன்னு ஒரு சத்தம் போட்டேன். மறுபடியும், "படுத்துத்தானுங்க இருக்குது"ங்கறா. படிச்சவதானே நீ, ஒரு முள்ளைப் பாத்துச் சொல்லத் தெரியாதான்னு நடு ரோட்டுலயே கேட்டுட்டேன். கொஞ்ச தூரம் போயி மறுபடி எத்தனைன்னேன். "நூத்தி அம்பது"ன்னா. ஆ, இப்பச் சொன்னே பாரு, இதுதான் ரீடிங்குன்னேன். அதுக்கப்புறம் நல்லாப் பழகிட்டா. கேட்ட மாத்திரத்துல டக்கு டக்குன்னு சொல்லுவா. எங்க கம்பெனிலகூட அத்தனை சுறுசுறுப்பா ஒருத்தனும் படிக்க மாட்டான்.

ஒரு மாசம் பழக்கம் எடுத்தோம், பக்கத்துல பக்கத்துல போயிட்டு வந்து. அப்பத்தான் ஒரு விசயத்தைக் கண்டுபிடிச்சேன். இந்த இஞ்சினுக்கு பேக்கரி ஆகறதில்லைங்க.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். நூத்தி அம்பது, நூத்தி அம்பதுன்னு வரும். அன்னூர்ல அந்தப் பெரிய பேக்கரி வரும் பாருங்க, "இருநூத்திப் பத்து!"ம்பா. நிறுத்துவோம். நிறுத்துனது நிறுத்துனோம், ஆறட்டும்னு ஒரு டீயும் தேங்கா பன்னும் சாப்பிடுவோம். நான் போயி அவ பக்கத்து மீட்டரைப் பாப்பேன், சாவியை அணைச்சதால முள்ளு படுத்திருக்கும். மறுபடி எடுத்தா நூத்தி இருபதும்பா. இன்னொரு நாள் பேரூர்ல, அங்கயும் பேக்கரி வாசல்ல. காரமடையில, அங்கயும். நான் விட மாட்டேனே, ஒக்காந்து ரோசிச்சேன். பேக்கரியில அடுப்பு எரியுது. அந்த வெக்கை ரோட்டுக்கு வருது. இஞ்சின் அந்தக் காத்தை இழுக்குது. சரிதானுங்க? பாய்கிட்டச் சொன்னேன். அவரு ரொம்ப நேரம் என்ற மூஞ்சியையே பாத்தாரு.

பேக்கரியோட போச்சான்னா இல்லை. அவிநாசி போற வழியில அவ அக்கா ஊடு இருக்குது. சரியா அந்த வாசல்ல ஏறும். புளியம்பட்டில என்ற அக்கா ஊடு இருக்குது. அங்க மட்டும் எத்தனை தடவை போனாலும் நூத்தி முப்பதைத் தாண்டாது. குளுகுளுன்னு நேராப் போயிரும். எங்க அக்காகூட ஒருக்கா வாசல்ல நின்னு கையைக் காட்டுச்சு, நிறுத்த முடியலை. ரீடிங் நல்லாருக்கறப்ப எதுக்கு நிறுத்தறது? ரோட்டுச் சாய்வு அப்படின்னு அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன். இப்பவும் சொல்றேன், என்ற காரணத்துல தப்பில்லைங்க. எனக்குக் குடுத்த நம்பர்லதான் தப்பு. பொறுங்க, அதுக்குத்தான் வர்றேன்.

இந்த ஆடியில கெளம்பிட்டோம். சத்தி, பண்ணாரி தாண்டுனோம். திம்பத்துல அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் ஆயில் சூடு நூத்திப் பத்தைத் தாண்டலைங்க! உயர மீட்டர் முள்ளு ஓடுது பாருங்க, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு. வளைவுல திரும்பறப்ப அவ, "ஏனுங்க, கீழ பாருங்க, எவ்வளவு அழகா இருக்குது"ன்னா. தொள்ளாயிரம் தாண்டிருச்சுன்னேன். மலை மேல ஏறி, ஆசனூர் தாண்டி, சாம்ராஜ்நகர் தாண்டிப் போயிட்டிருக்கறோம். வோல்ட்டு பதிமூணே முக்கால். பிரஷர் அசையாம நிக்குது. வாழ்க்கையில அத்தனை நிம்மதியா நான் இருந்ததில்லை.

திடீர்னு பின்னாடி இருந்து ஒரே கத்து. "இருநூத்திப் பத்து! இருநூத்திப் பத்து! ஐயோ, நிறுத்துங்க, நிறுத்துங்க!" அவ அத்தனை சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லைங்க. பிரேக் போட்டு ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, அப்படியே மண்ணுல மல்லாக்கப் படுத்து உள்ள பூந்துட்டேன். ஆயில் ஒழுகுதா, எங்கயாச்சும் அடைச்சிருக்குதான்னு ஒண்ணொண்ணாப் பாக்கறேன். ஒண்ணும் தெரியலை. அவளைக் கூப்பிடறேன், ஆளைக் காணோம். இஞ்சின் வெடிச்சுருமோன்னு பயந்து தூரமா ஓடிட்டா போலன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு வந்தா. மொகமெல்லாம் ஒரே பளபளப்பு. பயத்துல வேர்த்திருக்கும்னு தண்ணி பாட்டிலை நீட்டுனேன். "போலாமுங்க, ஆறிருச்சு"ன்னா. மறுபடி சூடேறிருமோன்னு வண்டியை ஊட்டுப் பக்கமாத் திருப்பிட்டேன். ஊடு வந்து சேர்ற வரைக்கும் நூத்தி அம்பதைத் தாண்டவே இல்லைங்க. பின்னாடி பாட்டுப் பாடிட்டே வந்தா. ரீடிங் நல்லாருந்தா யாருக்குத்தான் சந்தோசம் வராது?

ஆனா எனக்கு மனசு கேக்கலை. ஏன் அந்த எடத்துல இருநூத்திப் பத்து? அங்க பேக்கரியும் இல்லை, அக்கா ஊடும் இல்லை. ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் பாய்கிட்ட உட்டேன். பாய் சீட்டைக் கழட்டுனாரு. உள்ளாற சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு ஒயரு. அது நுனியில அந்தச் செம்பு வளையம். பிரிக்காத புது மோதரமாட்டப் பளபளன்னு இருக்குது. பிளக்குக்கு அடியில போகவே இல்லைங்க அது. பாய் அதை வெரல்ல மாட்டிக் காட்டி, "இதை நீங்களே வாசர் வாங்கி மாட்டிக்கறேன்னு சொன்னீங்களேங்ணா"ன்னாரு. ஆமா, சொன்னேன். மறந்துட்டேன்னு சொல்ல முடியாதுங்க. மாட்டிட்டதாவே நெனப்புல இருந்துச்சு. மாட்டத்தான் இல்லை.

அப்ப அந்த முள்ளு ஒருநாள்கூட எந்திரிச்சதில்லை. புரியுதுங்களா தம்பி? ஒரு மாசமா அவ சொன்ன அத்தனை நம்பரும் அவளாச் சொன்னது!

ஊட்டுக்கு வந்து கேட்டேன். வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. நிமிந்துகூடப் பாக்கலை. "படுத்திருக்குதுன்னு மொத நாளே சொன்னேனுங்க. கத்துனீங்க. சரி போகுதுன்னு ஒரு நம்பர் சொன்னேன். நல்லாருக்குதுன்னு சந்தோசப்பட்டீங்க. அப்புறம் எனக்கு டீ வேணும்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன், காதுல விழுகலை. இருநூத்திப் பத்துன்னேன், ஒடனே நின்னுது"ங்கறா. கொஞ்சமாச்சும் கூச்சம் இருந்துச்சுங்களா? என்ற பெஞ்சுல ஒருத்தன் முள்ளைப் பாக்காம நம்பர் சொன்னா அன்னைக்கே அவனை வெளிய அனுப்பிச்சுருவேன். கட்டுன பொண்டாட்டியை என்ன பண்றது? வண்டியை வித்தர்றேன்னேன். "வித்துக்குங்க"ன்னுட்டு வெங்காயத்தை அரிய ஆரம்பிச்சுட்டா. இதுதான் கதை. நீங்களே சொல்லுங்க, என்ற மேல எதாச்சும் தப்பு இருக்குதுங்களா?

என்னங்க கேட்டீங்க?

பூவா?

பூ எப்படி இருந்துச்சுன்னா... மஞ்சளாத்தான் இருந்திருக்கும். சூரியகாந்தி மஞ்சள்தானுங்களே.

இல்லைங்க. நான் பாக்கலை. நான்தான் வண்டிக்கு அடியில கெடந்தேனே. அவ கத்துன எடம் பூக்காட்டுக்கு நேரான்னே எனக்குப் பின்னாடிதான் தெரியும். அவ போன்ல ஒரு போட்டோ இருக்குது. காட்டுக்காரப் பொம்பளைகிட்டக் குடுத்து எடுத்திருக்கா. கழுத்து வரைக்கும் பூ, நடுவுல இவ. சிரிக்கறா பாருங்க... அந்தச் சிரிப்பை நான் ஊட்டுல பாத்ததில்லைங்க. ஓரத்துல ரோடு தெரியுது. ரோட்டுல வண்டி. வண்டிக்கு அடியில இருந்து ரெண்டு காலு நீட்டிட்டுக் கெடக்குது. அது நான். அதைத்தான் எல்லாரும் பாக்கறாப்புல ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தா. எங்க முதலாளி பாத்துட்டு, காலை வெச்சே என்னைக் கண்டுபிடிச்சுட்டாரு.

அந்தப் போட்டோவை நான் தெனமும் பாக்கறேன். அவ குளிக்கப் போறப்ப எடுத்துப் பாப்பேன். நானும் அந்த எடத்துலதானே இருந்தேன். தலையைத் திருப்பியிருந்தாப் போதும்.

சரி உடுங்க. காப்பி வந்துருச்சு. எடுத்துக்குங்க. குடிச்சுட்டு, ஏறி உக்காந்து பாருங்க. கை எட்டுதா, காலு எட்டுதான்னு பாத்துக்கோணும். ஆமா, அப்படித்தான். முன்னாடி கொஞ்சம் குனிஞ்சுதான் உக்காரோணும், ரெண்டு மீட்டருக்கு நடுவுல சந்து இருக்குது பாருங்க, அதுல ரோடு தெரியும். எல்லா மீட்டரும் வண்டியோடதானுங்க. எதையும் கழட்டித் தர மாட்டேன். பின்னாடி இருக்கறதும் சேத்துத்தான். இந்தாங்க சாவி, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, பயமில்லாமப் போயிட்டு வாங்க.

இரு. வசந்தாமணி, நீ எங்க வர்ற? தோள்ல எதுக்குப் பை? ஸ்வெட்டர் எதுக்கு? தம்பி, நீங்க ஸ்டார்ட் பண்ணாதீங்க, கொஞ்சம் பொறுங்க. அடடா, அவ பாட்டுக்குப் பின்னாடி ஏறி உக்காந்துட்டாளே. எறங்கு அம்மிணி. வண்டி வாங்க வந்த தம்பி அது, அதுக்குப் பின்னாடி நீ எதுக்கு ஏறுனே?

கேட்டீங்களா தம்பி, என்ன சொல்றான்னு? எல்லா மீட்டரும் வண்டியோட சேத்தின்னு நான் சொன்னேனாம். பின்சீட்டு மீட்டரைப் படிக்கறதுக்குன்னு நான் பழக்கி வெச்ச ஆளு அவதானாம். அதனால அவளும் வண்டியோட சேத்தியாம். உங்க கூடவே கெளம்பறாளாம். நீங்க எந்தப் பூக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் சரியாம், நிறுத்துன்னா நிறுத்துனாப் போதுமாம்.

நீங்க எதுக்குங்க இப்படி வேர்க்கறீங்க? உங்களை ஒண்ணும் சொல்லலை.

எறங்கு அம்மிணி. எறங்க மாட்டியா? சரி. பேசறதில்லைன்னு இருந்தேன், பேச வெச்சுட்ட. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், எனக்கு நெசத்தைச் சொல்லு. உன் முன்னாடி இருக்கற மீட்டரைப் பாரு. எத்தனை?

கேட்டீங்களா? "படுத்திருக்குதுங்க. ஒயரே மாட்டலை"ங்கறா.

சரியான ரீடிங்குங்க அது. மொத நாளும் இதையேதான் சொன்னா.

தம்பி, கோவிச்சுக்காம எறங்குங்க. ஆமாங்க, நெசமாத்தான். வண்டி குடுக்கறதுக்கில்லை. தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிச்சுக்குங்க. சாவியை இப்படிக் குடுங்க. நீங்க எறங்குனாத்தானே நான் ஏற முடியும், அவ எறங்கற மாதிரி தெரியலை. என்னமோ இப்பத்தான் நெஞ்சுக்குள்ள இருந்த பாரம் எறங்குனாப்புல இருக்குதுங்க. இன்னும் ஆடி முடியலை. பூ இருக்கும்.

ஒயரா? இல்லைங்க, அதை மாட்டப் போறதில்லை. மாட்டிட்டா அப்புறம் அவ நெசத்தைத்தான் சொல்லோணும். நான் எங்கயுமே நிக்காமப் போயிட்டே இருப்பேனுங்க.